மூன்று ரெசிஸ்டர் தூரம்

நாதஸ்வரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்காகச் செய்யப்பட்ட வாத்தியம் அல்ல. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி கிளம்பினால் நாலு வீதிக்கும் கேட்க வேண்டும் என்று செய்யப்பட்டது. மேல வீதியில் வாசிப்பது தெற்கு வீதித் திண்ணைக்கு வந்து சேரும்போதுதான் அதன் கார்வையும் குழைவும் ஒன்றாகச் சேர்ந்து காதில் விழுகின்றன. இது சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த விஷயம். ஒலிப்பதிவுத் தொழிலுக்கு வந்தபின் ஏனோ மறந்துபோயிற்று.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரியவர் ஒருவரின் நாதஸ்வரக் கச்சேரியைப் பதிவு செய்யப் போயிருந்தேன். மண்டபத்து மிக்சரிலிருந்து ஒரு கேபிளை எடுத்து என் சின்ன ரெக்கார்டரில் செருகினேன். மீட்டர் சிவப்பில் போய் முட்டியது. ரெக்கார்டரின் லெவல் குமிழைத் திருகிக் குறைத்தேன், மீட்டர் இறங்கியது. அதோடு வேலை முடிந்தது என்று இரண்டரை மணி நேரம் கச்சேரியில் மூழ்கிவிட்டேன். அந்தச் சத்தத்துக்கு நடுவே ஹெட்போனில் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், குழல் தார ஸ்தாயிக்கு ஏறும் இடமெல்லாம் கரகரப்பு. தவிலின் ஒவ்வோர் அடியும் காகிதம் கிழிவது போலக் கேட்டது. மறைக்க மனம் வராமல் பெரியவரிடமே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். "வாசிச்சது நான்தான் தம்பி. ஆனா மேல போற எடத்துல எல்லாம் யாரோ வாயைப் பொத்தின மாதிரி இருக்கே" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் இன்றுவரை மனதில் நிற்கிறது.

நடந்தது இதுதான். தொழில்முறைக் கருவிகள் லைன் லெவல் என்று வைத்திருப்பது +4 டிபியு; வோல்ட்டில் சொன்னால் 1.23. வீட்டு உபயோகக் கருவிகளின் அளவு −10 டிபிவி, அதாவது 0.316 வோல்ட். கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். என் ரெக்கார்டர் இரண்டாவது வகைக்காகச் செய்யப்பட்டது. அதில் லெவல் குமிழ் இருப்பது முதல் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால். வந்த சிக்னல் அந்த ஆம்ப்ளிஃபயரிலேயே கொள்ளாமல் போய், அலைகளின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிட்டது. நான் குமிழைக் குறைத்தபோது வெட்டுப்பட்ட அலையைத்தான் சின்னதாக்கினேன். மீட்டருக்கு அது போதும், அது அளவை மட்டுமே பார்ப்பது. போன உச்சியை எந்தக் குமிழும் திருப்பித் தராது.

மறு வாரமே மின்னணு உதிரிபாகம் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர், 1.5 கிலோ ஓம் ஒரு பொட்டலம், 1 கிலோ ஓம் ஒரு பொட்டலம். சிக்னலை ரெக்கார்டருக்குள் போகும் முன்பே தணிக்கும் ‘பேட்’ ஒன்று செய்ய மூன்றே ரெசிஸ்டர் போதும். பாலன்ஸ்டு கேபிளில் சிக்னல் போகும் இரண்டு கம்பிகளிலும் ஆளுக்கொரு 1.5, அவற்றுக்குப் பின்னால் இரண்டு கம்பிகளையும் இணைக்கும் குறுக்குப் பாலமாக 1. மொத்தம் 4 கிலோ ஓம், அதில் 1 கிலோ ஓமுக்குக் குறுக்கே கிடைப்பதுதான் வெளியே போகும். கால் பங்கு. டெசிபலில் 12. பத்து கிலோ ஓம் இன்புட்டின் சுமையும் சேரும்போது 13-ஐ நெருங்கும், அது பரவாயில்லை.

குறுக்கு ரெசிஸ்டர் கொஞ்சம் முன்பின் இருந்தால் லெவல் ஒரு துளி மாறும், அவ்வளவே. பக்கவாட்டு இரண்டும் மட்டும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். வழியில் புகும் மின்சார ரீங்காரம் இரண்டு கம்பிகளிலும் சமமாகப் புகுகிறது. வாங்கும் கருவி இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் சமமானது கழிந்துபோகிறது. ஒரு பக்கம் இளைத்துவிட்டால் கழிவதில் மிச்சம் வரும், அந்த மிச்சம் ரீங்காரமாகக் கேட்கும். அதனால் பொட்டலத்தைத் தரையில் கொட்டி, மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அளந்து ஜோடி தேடினேன். பல்லக்குத் தூக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளைத் தோள் உயரம் பார்த்து நிறுத்துவார்களே, அந்த வேலைதான். ஒரு மாலை முழுக்கப் போயிற்று. சால்டரிங் இரும்பு சூடாகும் முன்பே மனம் அடங்கிவிட்ட மாலை அது.

அப்படி அளந்துகொண்டிருக்கும்போதுதான் டெசிபலின் பூர்வ கதை நினைவுக்கு வந்தது. அமெரிக்கத் தொலைபேசிப் பொறியாளர்கள் கம்பியில் குரல் மெலிவதை முதலில் மைலில்தான் அளந்தார்கள். அளவுகோலாக வைத்துக்கொண்ட ஒரு கேபிளில் ஒரு மைல் போனால் பேச்சு எவ்வளவு மெலியுமோ அதுவே ஓர் அலகு. 1920-களில் அதை விட்டுவிட்டுக் கணக்குக்கு வசதியான வேறோர் அலகுக்கு மாறி, அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் பெயரால் அதற்கு டெசிபல் என்று பெயரிட்டார்கள். ஆக, மெலிவுக்கு முதல் அளவுகோல் தூரம். ஆய்வுக்கூடத்தில் பல மைல் கம்பியை இழுக்க முடியாது என்பதால் அதற்கு ஈடான மெலிவைப் பெட்டிக்குள் செய்துகொண்டார்கள். அந்தப் பெட்டிகளின் வம்சத்தில் வந்ததுதான் என் கையிலிருந்த மூன்று ரெசிஸ்டர். 

திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் இறங்கும். நாலு மடங்கானால் 12. பத்தடியில் இருந்தவரை நாற்பதடிக்கு நகர்த்தி உட்கார வைக்கிறது நான் செய்த பேட். தெற்கு வீதித் திண்ணை திரும்பக் கிடைத்தது போல இருந்தது. நிஜ தூரத்தில் காற்று மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் தின்னும், வேறு சத்தங்களும் கலக்கும். ரெசிஸ்டர் எதையும் தின்பதில்லை. பெரிய ஒலியும் கால் பங்கு, சின்ன ஒலியும் கால் பங்கு. உச்சிக்கும் அடிக்கும் உள்ள உறவு அப்படியே இருக்கிறது. கழித்த மிச்சம் விரலுக்குத் தெரியாத சூடாகப் போய்விடுகிறது. 1928-இல் ஜான்சன் அளந்து சொன்ன வெப்ப இரைச்சல் எல்லா ரெசிஸ்டரிலும் உண்டு என்றாலும், இந்த மதிப்புகளில் அது அரை மைக்ரோவோல்ட்தான்.

பேட் தயாரானதும் பெரியவர் வீட்டுக்குப் போனேன், மறுபடி ஒரு பதிவுக்கு அனுமதி கேட்க. திண்ணையில் ஒரு பையனுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வாத்தியம் சுவரோரம் உறையில் இருந்தது. தோடியில் ஒரு பிடியை அவர் வாயால் பாடிக் காட்டிக்கொண்டிருந்தார், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில். நான் மண்டபத்தில் கேட்ட அதே பிடி. ஓர் அசைவை அவர் விடவில்லை, பையன் சின்னவன் என்று ஒன்றையும் எளிதாக்கவும் இல்லை. கமகம் அத்தனையும் இருந்தது, அளவு மட்டும் தணிந்திருந்தது. பையன் திருப்பிப் பாடினான். நாலு வீதி நிறைக்கிற மூச்சு உள்ள மனிதர், எட்டு வயதுக் காதுக்கு முன்னால் தன்னைத் தானே நாற்பதடி தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

தன்னைக் குறைத்துக்கொள்வது என்றால் எதையோ இழப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கொடுப்பவர் முழுவதையும் கொடுக்க வேண்டுமானால் வாங்குபவரின் கொள்ளளவுக்குத் தணிந்தே கொடுக்க வேண்டும், அதுவும் அவருக்குள் போவதற்கு முன்பே தணிய வேண்டும் என்று அந்தத் திண்ணையில் புரிந்தது. என் மகனிடம் நான் உரக்கச் சொல்லிவிட்டுப் பிறகு குரலைத் தாழ்த்திய நாட்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நான் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும். அவனுக்குள் போனது உச்சி வெட்டுப்பட்ட ஒன்று.

அந்த ஆண்டுத் திருவிழாவில் பெரியவரைப் பதிவு செய்தோம். பேடை ரெக்கார்டர் பக்கத்து முனையில் மாட்டினேன். நீள வழி முழுக்க சிக்னல் பலத்தோடு வந்து, வாசலில் தணிவதுதான் நல்லது. கேட்டுவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னார்.

நீங்களும் ஒன்று செய்துகொண்டால் உறையின்மேல் எத்தனை டெசிபல் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரண பிளக் போலத்தான் இருக்கும். அடுத்து எடுப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது.