இஷாவுக்குப் பின் ஒரு நாழிகை



திருமறையின் 24ஆவது அத்தியாயமாகிய அந்நூரில் 58ஆவது வசனத்தை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். ஃபஜ்ருத் தொழுகைக்கு முன்பும், மேலாடையைக் களைந்து இளைப்பாறும் நண்பகலிலும், இஷாத் தொழுகைக்குப் பின்பும் ஆகிய மூன்று வேளைகளில் பருவமடையாத பிள்ளைகளும் வீட்டுப் பணியாளர்களும்கூட அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்று வல்ல இறைவன் அங்கே கட்டளையிடுகிறான். வெட்கமும் மறைவும் பேண வந்த கட்டளை இது என்று உலமாப் பெருமக்கள் விளக்குவார்கள். சரியான விளக்கமே. ஆனால் அந்த வசனத்தைச் சற்று நின்று பாருங்கள். ஒரு நாளில் மூன்று பொழுதுகளை எடுத்து, அவற்றைச் சுற்றி வேலி போட்டு, இவை கணவனுக்கும் மனைவிக்கும் உரியவை என்று படைத்தவனே ஒதுக்கிக் கொடுத்திருக்கிறான் அல்லவா?

அந்த மூன்றும் இன்று நம்மிடம் என்ன ஆயின? நண்பகலில் ஆண்மகன் கடையிலோ அலுவலகத்திலோ இருக்கிறான். ஃபஜ்ருக்கு முன் இருவரும் அயர்ந்த உறக்கத்தில் இருக்கிறார்கள். எஞ்சியது இஷாவுக்குப் பிந்திய வேளை ஒன்றுதான். அதையும் கைபேசி எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் அனுமதி கேட்டு வருகிறார்களோ இல்லையோ, கைபேசி யாரிடமும் அனுமதி கேட்பதில்லை!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரி தம் தாயாருடன் 'குலா' பற்றிக் கேட்க வந்தார். கணவர் அடிக்கிறாரா என்று கேட்டேன். "இல்லை ஹஜ்ரத்." குடிக்கிறாரா? "அஸ்தஃபிருல்லாஹ், இல்லை ஹஜ்ரத். ஐந்து வேளையும் பள்ளியில்தான் தொழுகிறார். செலவுக்கும் குறைவில்லை." பின் என்னம்மா குறை என்றதற்கு அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "அவர் என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது ஹஜ்ரத். சோறு வை, சட்டை எங்கே, வாடகை கொடுத்தாயா... இது பேச்சா?" என்றார். தாயார் மகளை அதட்டினார்: "இதெல்லாம் ஒரு குறையாடீ? உன் வாப்பா என்னிடம் எப்போது பேசினார்?" எனக்கு அந்தத் தாயாரைப் பார்த்தபோதுதான் அதிகம் வருத்தமாக இருந்தது.

இது குறையா, இல்லையா? மார்க்கம் என்ன சொல்கிறது?

ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்கள் தம் சகோதரராக்கப்பட்ட அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்குப் போனார்கள். அங்கே அபுத்தர்தாவின் துணைவியார் எவ்வித அலங்காரமும் இன்றி இருக்கக் கண்டு காரணம் கேட்டார்கள். உங்கள் சகோதரருக்குத்தான் இவ்வுலகில் நாட்டமே இல்லையே என்று அந்த அம்மையார் பதிலளித்தார்கள். அபுத்தர்தா (ரலி) எதில் மூழ்கியிருந்தார்கள்? பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை! அப்படியிருந்தும் ஸல்மான் (ரலி) அவர்கள் தடுத்து, உம் இறைவனுக்கு உம்மீது உரிமையுண்டு, உமக்கும் உரிமையுண்டு, உம் மனைவிக்கும் உரிமையுண்டு, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடும் என்ற கருத்தில் எடுத்துரைத்தார்கள். விஷயம் நாயகம் (ஸல்) அவர்களிடம் போனபோது, ஸல்மான் சொன்னதே உண்மை என்று தீர்ப்பாயிற்று. புகாரியில் பதிவான செய்தி இது. இரவு வணக்கமே மனைவியின் உரிமையைத் தட்டிக் கழிக்கக் காரணமாகாது என்றால், கல்லாப்பெட்டி காரணமாகுமா? வாட்ஸ்அப் குழு காரணமாகுமா?

இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) வெறுத்தார்களே என்று ஒரு சகோதரர் கேட்கக்கூடும். ஆம், அந்த ஹதீஸும் உண்டு. ஆனால் அதை இன்னொரு ஹதீஸோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சிறுவராயிருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் சிற்றன்னை மைமூனா நாயகி (ரலி) வீட்டில் ஓர் இரவு தங்கினார்கள். அண்ணலார் (ஸல்) தம் துணைவியாருடன் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு உறங்கியதைக் கண்டு அறிவித்தார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் வீட்டாருடனும் விருந்தினருடனும் இரவில் பேசுவது பற்றித் தனித் தலைப்பே இட்டிருக்கிறார்கள். வெறுக்கப்பட்டது திண்ணைப் பேச்சு. தெருமுனையில் நின்று நள்ளிரவு வரை அரசியல் பேசிவிட்டு ஃபஜ்ரைத் தவறவிடும் பேச்சு. மனைவியோடு பேசுவது நபிவழி.

எப்படிப் பேசினார்கள் என்பதையும் பாருங்கள். 'உம்மு ஸர்உ' ஹதீஸ் என்று ஒன்று உண்டு. பதினொரு பெண்கள் கூடியமர்ந்து ஒவ்வொருத்தியாகத் தன் கணவனைப் பற்றிச் சொன்ன நீண்ட கதையை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விவரிக்கிறார்கள். உம்மத்தின் சுமை முழுவதையும் தோளில் தாங்கிய நாயகத் திருமேனி அதை முழுக்கக் கேட்டு, இறுதியில் உம்மு ஸர்உக்கு அபூ ஸர்உ இருந்ததைப் போல நான் உமக்கு இருக்கிறேன் என்ற பொருளில் அன்பாக மறுமொழி கூறினார்கள். நம்மில் எத்தனை பேர் மூன்றாவது பெண்ணின் கதையிலேயே "சரி சரி, விஷயத்துக்கு வா" என்றிருப்போம்!

அன்னையாரோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும் நாம் அறிந்ததே. முதல் முறை அன்னையார் வென்றார்கள். பல காலம் கழித்து நாயகம் (ஸல்) வென்று, அதற்கு இது ஈடு என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். பயணத்தில் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு ஓடினார்கள் என்று ஓர் அறிவிப்பு கூறுகிறது. கூட்டத்தின் நடுவே தனிமையை உண்டாக்கிக்கொண்டார்கள். அதற்கு ஒரு திர்ஹமும் செலவாகவில்லை.

இதைச் சொல்லக் காரணம், இப்போது கணவன் மனைவி சேர்ந்திருக்கும் பொழுதுக்கும் விலை வைத்துவிட்டார்கள். மெழுகுவர்த்தி ஏற்றிய மேசை, தட்டுத் தட்டாக உணவு, பாதியை மிச்சம் வைத்து எழுந்துவரும் நாகரிகம்! நம் புதுச்சேரியின் வெள்ளை நகரத் தெருக்களில் மாலையானால் இதைக் காணலாம். வெளியூர்க்காரர் வந்து செலவிடட்டும். முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் குடியிருக்கும் ஒரு கடைச் சிப்பந்தி அதைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. உண்ணுங்கள், பருகுங்கள், விரயம் மட்டும் செய்யாதீர்கள் என்பதன்றோ அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆவது வசனம் தரும் கட்டளை?

அல்லாஹ் நமக்குக் கடலைத் தந்திருக்கிறான். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனங்கள் ஓடுவதில்லை. 1836இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கத்தின் அருகே சுவரில் உட்காரக் காசு கேட்பவர் எவருமில்லை. இஷாத் தொழுதுவிட்டு, பிள்ளைகளைப் பாட்டியாரிடம் விட்டு, இருவருமாக நடந்து போய் ஒரு பொட்டலம் சுண்டலைப் பகிர்ந்து தின்றுவிட்டு வாருங்கள். இரவில் தோதுப்படாதா? ஃபஜ்ர் ஜமாஅத் முடிந்து வீடு வந்து மனைவியை அழைத்துப் போங்கள். நம் கடற்கரை கிழக்கு நோக்கியது. சூரியன் எழுவதை அங்கிருந்தே காணலாம். ஃபஜ்ரின் சுன்னத்தைத் தொழுதபின், தாம் விழித்திருந்தால் நாயகம் (ஸல்) தம்மோடு உரையாடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) சொன்னதும் நினைவுக்கு வரட்டும். பெண்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போகலாமா என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை: உரிய ஆடையோடு, கணவனின் துணையோடு போகும் பெண்ணைத் தடுக்க நமக்கு ஆதாரமில்லை. ஹபஷிகள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை அன்னையார் தாமாகச் சலிக்கும்வரை பார்க்க, அவர்களுக்கு மறைவாக நின்றவர்கள் நம் நபியவர்கள்.

வெளியே போகவே இயலாதவர்களுக்கு வீட்டு அடுப்பும் ஒரு குவளைக் காபியும் போதும். காபி என்றதும் சிரிக்காதீர்கள். அதற்கும் நமக்கும் பழைய உறவுண்டு. 'கஹ்வா' என்ற அரபுச் சொல்லே காபியாயிற்று. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ரில் உறக்கம் வராதிருக்க இதைப் பருகினார்கள். பின்னர் கெய்ரோவிலும் யமனியர் ஒரு சிவந்த மண்பாத்திரத்திலிருந்து முகந்து வலப்புறமாகச் சுற்றிக் கொடுத்துக் குடித்ததாக அப்துல் காதிர் அல்ஜஸீரி 1558 வாக்கில் எழுதினார். 1511இல் மக்காவின் அதிகாரி கைர் பேக் இதை ஹராம் என்று அறிவிக்கச் செய்தார். கெய்ரோவிலிருந்த சுல்தானின் ஆணையோ காபியைத் தடுக்கவில்லை; அதன் பெயரால் கூடும் முறைகேடான கூட்டங்களையே தடுத்தது. எவ்வளவு நுட்பமான வேறுபாடு! பானத்தில் குற்றமில்லை, யாரோடு எதற்காக உட்காருகிறோம் என்பதில்தான் இருக்கிறது. நண்பர்களோடு கடையில் மூன்று முறை குடித்துவிட்டு வீட்டில் "எனக்கு வேண்டாம்" என்று படுத்துவிடும் கணவர்கள் கவனிக்க.

யமனிலிருந்து பாபா புதன் என்ற பெரியார் ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நம் ஊருக்கும் யமனின் மோக்கா துறைமுகத்துக்கும் வேறு கணக்கும் இருந்தது. அங்கே வரவேண்டிய கடன் பாக்கிக்காக 1737இல் புதுச்சேரியிலிருந்து போன பிரெஞ்சுக் கப்பல்கள் அந்தத் துறைமுகத்தைப் பீரங்கியால் தாக்கின. அது போகட்டும்.

அன்னை ஆயிஷா (ரலி) தாம் மாதவிலக்காயிருந்த வேளையிலும் பாத்திரத்தில் அருந்திவிட்டுக் கொடுத்தால், தம் வாய் வைத்த அதே இடத்தில் வாய் வைத்து நாயகம் (ஸல்) அருந்துவார்கள் என்று சொன்னதை முஸ்லிம் ஹதீஸ் நூலில் காண்கிறோம். அந்நாட்களில் பெண்ணைத் தனித் தட்டு, தனிக் குவளை என்று ஒதுக்கி வைத்த மக்கள் நடுவே நடந்தது இது. நம் ஊரிலும் அந்த ஒதுக்கல் சில வீடுகளில் வேறு பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே குவளையில் இருவர் அருந்துவதைச் சுன்னத்தாகக் கருதிச் செய்து பாருங்கள். பேச்சு தானே வரும்.

காபியின் நன்மையையும் அளவையும் சொல்லிவிடுகிறேன். அளவோடு குடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவும் சில ஈரல் நோய்களும் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1991இல் காபிமீது வைத்த ஐயத்தை 2016இல் நீக்கிக்கொண்டது. ஆனால் 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எதைக் குடித்தாலும் கேடு என்று அதே அமைப்பு எச்சரித்தது. பானத்தில் ஊதுவதையோ நபிகளார் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். நம் பாட்டிமார்களின் டபராவும் டம்ளரும் இரண்டுக்கும் வழி செய்துவிட்டன. ஊதாமல் ஆற்றிக் குடிக்கலாம்.

குடித்த காஃபினில் பாதி உடலைவிட்டு நீங்கச் சராசரி 5 மணி நேரம் ஆகும். ஆகவே இஷாவுக்குப் பின் கெட்டிக் காபி வேண்டாம். உறக்கமும் கெடும், ஃபஜ்ரும் போகும். அஸருக்குப் பின் கிடைத்தால் காபி. இரவுக்கு, காபிக்கொட்டையே இல்லாத நம் சுக்குக் காபி, பனைவெல்லத்தோடு. தஹஜ்ஜுதுக்கு எழும் தம்பதியர் அந்த வேளையில் காபி அருந்தினால் அது யமன் பெரியார்கள் வழி. கர்ப்பிணிகள் நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபினுக்கு மேல் போகக்கூடாது. சாப்பிட்ட கையோடு குடிப்பதும் நல்லதல்ல. உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் காபி குறைக்கிறது. 2019-21இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் நாட்டுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை கண்டார்கள். ஆகவே ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். அதைக் கணவன் போட்டுத் தந்தால் இன்னும் நல்லது. மனைவியின் வாயில் ஊட்டும் கவளத்துக்கும் நன்மையுண்டு என்று ஸஅத் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டதே. டம்ளர் காபிக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

இனி, கணவர் கடல் கடந்திருக்கும் வீடுகள். ஒரு காலத்தில் நம் ஊர் முஸ்லிம்கள் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்த பெண்கள் நம் தெருக்களில் இருந்தார்கள். இன்று துபாய், குவைத், பாரிஸ். கலீஃபா உமர் (ரலி) ஓர் இரவு மதீனாவின் தெருவில் சென்றபோது, போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் துயரத்தோடு பாடியதைக் கேட்டார்கள். தம் மகளார் ஹஃப்ஸா நாயகி (ரலி) அவர்களிடம், ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று கேட்டறிந்து, படைவீரர்கள் வீடு திரும்ப வரம்பு விதித்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. நம் பிள்ளைகள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் விடுமுறை எத்தனை என்று கேட்கிறார்களா? மனைவியிடம் சம்மதம் கேட்கிறார்களா?

அதுவரை, இங்கே இரவு எட்டரை என்றால் துபாயில் ஏழு மணி. இருவர் கையிலும் ஒரு டம்ளர் இருக்கட்டும். பணம் வந்து சேர்ந்ததா, வீட்டு வேலை எதுவரை வந்தது என்பதையெல்லாம் முதல் பத்து நிமிடம் கழித்துக் கேட்டுக்கொள்ளலாம்.