தபித்தாவின் அளவுநாடா



இன்றைய முதல் வாசகத்தில் யோப்பா ஊருக்குப் போனோம். அங்கே தபித்தா என்ற பெண் இறந்துவிட்டார். பக்கத்து ஊரான லித்தாவில் இருந்த பேதுருவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். மேல்மாடி அறைக்குள் அவர் வந்ததும் கைம்பெண்கள் சூழ்ந்து நின்று அழுகிறார்கள். தபித்தா தங்களுக்குத் தைத்துத் தந்த உடைகளை எடுத்துக் காட்டுகிறார்கள்.

எத்தனையோ தரம் வாசித்த பகுதி. ஆனால் போன மாதம் நம் மண்டபத்துத் தையல் வகுப்பில் ஒரு மணித்தியாலம் இருந்த பிறகுதான் அந்தக் கண்ணீர் எனக்கு விளங்கியது. முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைப் பாவாடை தைக்க, பிரவுன் பேப்பரில் பற்றன் கீறிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் இடுப்பு 22 அங்குலம் என்றால், வட்டப் பாவாடைக்கு ஆரை மூன்றரை அங்குலம். பள்ளிக்கூடத்தில் படித்த அதே 22/7 கணக்குத்தான். நான்காக மடித்த தாளின் மூலையிலிருந்து மூன்றரையில் ஒரு வளைவு, அதற்குக் கீழே நீளத்தை அளந்து இன்னொரு வளைவு. வெட்டி விரித்தால் முழு வட்டம்!

பெரியவர்களின் நேர்ப் பாவாடைக்குக் கணக்கு வேறு. இடுப்பின் அகன்ற இடத்தில் சுற்றளவு 36 என்றால் 36க்கு வெட்டக் கூடாது. இரண்டு அங்குலம் லூஸ் விட்டு 38 ஆக்கி, அதில் கால்வாசியான ஒன்பதரையைத் தாளில் வைக்க வேண்டும். "சரியா அளவுக்கே வெட்டினா நிக்கலாம் ஃபாதர், இருக்க ஏலாது, பஸ் ஏற ஏலாது" என்றார் கீறிக்கொண்டிருந்த அக்கா.

அன்றிரவு முழுக்க அந்தச் சொல் என்னை விடவில்லை. மருமகளை அளக்கிறோம், மகனை அளக்கிறோம், கடன் திருப்பித் தராத அயலவரை அளக்கிறோம். அளவில் பிழையில்லை. ஆனால் அந்த அளவுக்குள் அவர்களால் மூச்சுவிட முடியவில்லை.

தபித்தாவும் அளந்தவர்தான். உயரம் தெரியாமல் அங்கிகூடத் தைக்க முடியாது. கணவனை இழந்த ஒருத்தியின் அருகே போய் நின்று, அவள் தோளையும் உயரத்தையும் தபித்தா தெரிந்துவைத்திருந்தார். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய நாள்முதல் நம் நாட்டுப் பெண்பிள்ளைகள் உலகத்துக்கே உடுப்புத் தைக்கிறார்கள். நாள் முழுக்க ஒரே பொக்கற், ஒரே கொலர். உடுத்தப்போகிறவரின் முகத்தை அவர்கள் காண்பதில்லை. உடுத்துகிற நாமும் அவர்களை நினைப்பதில்லை. இந்தப் பலியில் அவர்களை நினைப்போம்.

என் அம்மாவும் அளவுக்கு மேல் இடம் விடுவார்: தங்கையின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு அடியில் மூன்று அங்குலம் மடித்துத் தைப்பார். ஆண்டுதோறும் அதைப் பிரித்துக் கொஞ்சம் இறக்குவார். உள்ளே மடிந்திருந்த துணி கூடுதல் வெள்ளையாகத் தெரியும். எத்தனை தரம் தோய்த்தாலும் அந்தக் கோடு போகாது. தங்கைக்கு அது வெட்கம். பிள்ளை வளருவாள் என்று துணி வெட்டும்போதே அம்மா நம்பியதற்கு அந்தக் கோடுதான் சாட்சி.

பூசை முடிந்ததும் மண்டபத்தில் முதல் நன்மைப் பிள்ளைகளுக்கு அளவெடுப்பார்கள். தாய்மார் வெளிநாட்டில் வேலைசெய்கிற சில பிள்ளைகள் தனியே வருவார்கள். அவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். வீட்டில் பழைய பேப்பர் இருந்தால் கொண்டுவாருங்கள். பற்றன் கீறத் தாள் போதாமல் இருக்கிறது.