கடைச் சின்னமும் கடவுள் உருவமும்

பெயர்ப்பலகை, துணிப்பை, பில், பொட்டலம், வண்டி, கைபேசித் திரை என எல்லா இடத்திலும் ஒரே பெயரை ஒரே எழுத்திலும் ஒரே நிறத்திலும் ஒரே படத்தோடும் காட்டுவது சிறு வணிகத்தின் அடையாளச் சீர்மை. பெரும்பாலும் இது கடைக்காரரும் அச்சகத்தாரும் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் காரியம். அந்தப் படம் ஒரு தெய்வத்தின் படமாக இருந்துவிட்டால், அச்சகத்தில் தீராத ஒரு கேள்வி எழுகிறது: வழிபடும் உருவத்தை விற்பனை அடையாளமாக்கலாமா? தீப்பெட்டி, ஊதுபத்தி, அரிசி மூட்டை, பட்டாசு என்று தெய்வப் படங்கள் புழங்காத சரக்கே அரிதாக இருக்கும் இந்தியாவில் இது அன்றாடக் கேள்வி.

வணிக அடையாளம் ஒருவருக்கு மட்டுமே சொந்தமாக இருக்க வேண்டும். எங்கே பார்த்தாலும் மாறாமல் இருக்க வேண்டும். விற்கும் ஒவ்வொரு பொருளோடும் வெளியே போய், வேலை முடிந்ததும் குப்பைக்குப் போகவும் தயாராக இருக்க வேண்டும். தெய்வ உருவம் இம்மூன்றில் எதற்கும் எளிதில் இணங்குவதில்லை. சிக்கல் பக்தியின் குறைவால் வருவதல்ல. சின்னம் என்ற பொருளின் இயல்பிலேயே இருக்கிறது.

தெய்வப் படம் சரக்கின் மேல் ஏறியதற்குத் தெளிவான காரணம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் மிகுந்த சந்தையில் ஆலையின் பெயரால் பயனில்லை. யானை மார்க், மயில் மார்க் என்று படத்தைச் சொல்லித்தான் வாங்குவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் ஆலைத் துணிகள் இந்தியாவுக்கு வந்தபோது, அவற்றில் ஒட்டிய வண்ண லேபிள்களில் கிருஷ்ணனும் லட்சுமியும் புராணக் காட்சிகளும் இருந்தன. ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் தெய்வங்களின் வண்ணப்படங்களை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது; அதே பாணிப் படங்கள் பின்னர் சோப்பு விளம்பரத்திலும் குழந்தை மருந்து விளம்பரத்திலும் இடம்பெற்றன. தீப்பெட்டித் தொழிலைக் கற்க 1922இல் கல்கத்தா சென்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் திரும்பிவந்து சிவகாசியில் அதைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும் என்று வளர்ந்த ஊர் பிறகு நாட்டுக்கே காலண்டர் அடித்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த முருகனும் மீனாட்சியும் அவ்வழியே லட்சக்கணக்கான சுவர்களை அடைந்தார்கள். தெய்வங்களுக்கு ஊர்தோறும் ஒரே முகம் வாய்த்ததில் சிற்ப நூல்களுக்கு உள்ள பங்கைவிட அச்சு இயந்திரத்துக்கு உள்ள பங்கு குறைவானதல்ல.

கடைக்காரரின் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அவர் தெய்வத்தை விளம்பரமாக நினைப்பதில்லை, மங்கலமாக நினைக்கிறார். புதுக்கணக்குப் புத்தகத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, ‘லாபம்’ என்று எழுதித் தொடங்கும் வழக்கத்தின் நீட்சியாகவே பெயர்ப்பலகையிலும் ஒரு லட்சுமியை வைக்கிறார். ஆனால் இரண்டும் ஒரே செயல் அல்ல. கணக்குப் புத்தகத்துச் சுழி தெய்வத்தை நோக்கியது. வாடிக்கையாளர் அதைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. பையில் அச்சிட்ட படம் வாடிக்கையாளரை நோக்கியது. அவர் பார்க்காவிட்டால் அதற்கு வேலையே இல்லை. முன்னது வேண்டுதல், பின்னது அறிவிப்பு. வேண்டுதலை அறிவிப்பாக மாற்றும் இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது. பழைய நகரத்தார் நிறுவனங்கள் இந்த வேறுபாட்டை நன்றாக உணர்ந்திருந்தன எனலாம். குலதெய்வத்திலும் ஊர்க்கோயிலிலும் ஆழ்ந்த பற்றுள்ள அவர்கள், கடையின் அடையாளமாக வைத்தது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன விலாசத்தை.

சமயத்தின் மதிப்பைக் கடனாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்தியாவோடு முடிவதில்லை. அமெரிக்காவில் 1877இல் ஓட்ஸ் ஆலை ஒன்று குவேக்கர் உடையணிந்த மனிதனின் உருவத்தைத் தன் சின்னமாகப் பதிவுசெய்தது. குவேக்கர்கள் பேரம் பேசாமல் ஒரே விலை சொல்லும் நேர்மைக்குப் பேர்போன கிறித்தவப் பிரிவினர். ஆலைக்கும் அந்தச் சபைக்கும் தொடர்பு இல்லை. ஒரு சமூகம் தலைமுறைகளாக ஈட்டிய நம்பிக்கை ஒரு பொட்டலத்தின் மேல் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். ஜப்பானில் நிலைமை வேறு. மீனவர்க்கும் வணிகர்க்கும் உரிய தெய்வமான எபிசுவின் பெயரும் உருவமும் தாங்கிய பீர் 1890இல் விற்பனைக்கு வந்தது. அந்த ஆலை இருந்த டோக்கியோப் பகுதிக்கே பிறகு எபிசு என்ற பெயர் நிலைத்தது. கையில் மீனோடு சிரிக்கும் அந்தத் தெய்வம் மதுப்புட்டியில் இருப்பது அங்கு இழிவாகத் தோன்றவில்லை. இந்தியாவில் அப்படியொரு புட்டி ஒரு வாரம்கூடக் கடையில் தங்காது. ஆகவே புனித உருவத்தை வணிகத்தில் பயன்படுத்துவது எங்கும் எப்போதும் குற்றம் என்று பொதுவிதி சொல்ல முடியாது. அந்தந்த வழிபாட்டு மரபு உருவத்தை என்னவாகக் கருதுகிறது என்பதே தீர்மானிக்கிறது.

இந்து மரபில் இதற்கு நேரான விடை இருப்பதுபோலத் தோன்றும். ஆகமங்களின்படி சிற்பி செதுக்கிய உருவம் பிரதிஷ்டைக்குப் பிறகே வழிபாட்டுக்குரியதாகிறது; அதுவரை அது கல், அல்லது செம்பு. அப்படியானால் லேபிளில் உள்ள லட்சுமி வெறும் மையும் தாளும். கசக்கி எறிந்தால் தோஷமில்லை. தர்க்கம் சரி, வழக்கம் அதை ஒப்புக்கொள்வதில்லை. பழைய சாமி படங்களை யாரும் குப்பைத்தொட்டியில் போடுவதில்லை. கோயில் அரசமரத்தடியில் சாய்த்துவைத்துவிட்டு வருகிறார்கள், அல்லது ஆற்றில் விடுகிறார்கள். பிரதிஷ்டை ஆகாத படத்திலும் ஏதோ இருக்கிறது என்பது மக்களின் நடைமுறைத் தத்துவம். நூல்களைவிட அதுவே இந்த விஷயத்தில் வலுவானது.

இந்த முரணுக்கு மரபிலேயே ஒரு திறவுகோல் உண்டு. மண்ணாலும் அன்னத்தாலும் செய்து, பூசை முடிந்ததும் கலைத்துவிடும் க்ஷணிக லிங்கத்தை ஆகமங்கள் ஏற்கின்றன. மஞ்சளில் பிடித்துவைக்கும் பிள்ளையாரும் சதுர்த்திக்குப் பிறகு நீரில் கரையும் களிமண் பிள்ளையாரும் அந்த வகையே. ஆக, தெய்வ உருவம் அழிவது இங்கே பாவமல்ல. எப்படி அழிகிறது என்பதே பொருட்டு. முறையாக அழைக்கிறார்கள், முறையாக அனுப்பிவைக்கிறார்கள். பொட்டலத்தின் மேலுள்ள படத்துக்கு அழைப்பும் இல்லை, விடைகொடுத்தலும் இல்லை. லட்சுமி வெடியைப் பற்றி ஆண்டுதோறும் தீபாவளிச் சமயத்தில் எழும் மனக்குறையின் வேரும் இதுதான். வெடித்துச் சிதறும் தாளில் திருமகளின் முகம் இருப்பது, கரைப்பது அல்ல, கிழிப்பது.

இதற்கு எதிர்வாதமாக வைணவத்தின் அர்ச்சாவதாரக் கோட்பாட்டைச் சொல்லலாம். எட்டாத பரம்பொருள் எளியவர்க்கும் எட்டும்படி உருவமாகி இறங்கிவருகிறது. அந்த எளிமையே அதன் பெருமை. அப்படியானால் தீப்பெட்டிவரை இறங்கிவருவதும் எளிமையின் எல்லைதானே? அழகான வாதம். ஆனால் அதே கோட்பாட்டில் மறுபாதி ஒன்று இருக்கிறது: அர்ச்சையாக வந்த இறைவன் குளிப்பாட்டுவதற்கும் உடுத்துவதற்கும் அமுது செய்விப்பதற்கும் காப்பதற்கும் அடியவரையே சார்ந்திருக்கிறான். எளிமையை ஏற்பவர் பேணும் கடமையையும் ஏற்க வேண்டும். தீப்பெட்டி வாங்குபவர் அப்படி எதையும் ஏற்பதில்லை, ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

எறியப்படும் தாளில் இறைவன் பெயர் என்ற சங்கடத்தைப் பிற சமயங்களும் சந்தித்திருக்கின்றன. இறைவன் பெயர் எழுதிய தாளை யூதர்கள் எறிவதில்லை. கெனிசா என்னும் அறையில் சேர்த்துவைப்பார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்துக் கெனிசாவில் வேதப் பிரதிகளோடு வணிகக் கடிதங்களும் கணக்குகளும் குவிந்துகிடந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு போன்றோரின் கடிதங்கள் இன்று வரலாற்றாளர் கைக்கு வந்தது எழுதிய தாளின் மேல் அந்த மரபுக்கு இருந்த மரியாதையால்தான். தெற்காசிய முஸ்லிம்களிடையே பரவிய வழி இன்னும் நுட்பமானது. இறைவன் பெயரால் தொடங்கும் வாசகத்தின் எழுத்துகளுக்குரிய எண்மதிப்பைக் கூட்டினால் 786 வரும். பில்லிலும் கடைப்பலகையிலும் அந்த எண்ணை எழுதினால் நினைவு நிற்கும். தாள் மிதிபட்டாலும் திருப்பெயர் மிதிபடாது. இதற்கு மார்க்க ஆதாரம் இல்லை என்று மறுக்கும் அறிஞர்களும் உண்டு. வணிகத்துக்கும் புனிதத்துக்கும் நடுவே ஒரு திரை வேண்டும் என்ற உணர்வு மட்டும் இதில் ஐயமின்றித் தெரிகிறது.

அடுத்தது உரிமை. 1999ஆம் ஆண்டின் இந்திய வணிகச் சின்னச் சட்டம், எந்தப் பிரிவினரின் மத உணர்வையும் புண்படுத்தக்கூடிய சின்னத்தைப் பதிவுசெய்யத் தடை விதிக்கிறது. ஒருவரின் சரக்கைப் பிறர் சரக்கிலிருந்து பிரித்துக்காட்டாத சின்னத்தையும் அது ஏற்பதில்லை. தெய்வப் பெயர்கள் அதிகமாகத் தடுக்கி விழுவது இந்த இரண்டாவது படியில். ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015இல் மறுத்துவிட்டது. புனித நூலின் பெயரைச் சரக்குக்கு உரிய சின்னமாக யாரும் தனக்கென்று கோர முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதே பெயரை அதே தொழிலில் வேறு பலரும் வைத்திருந்தார்கள் என்பதும் வழக்கில் வந்தது. முன்னும் பின்னும் வேறு சொல் சேர்ந்து தனித்தன்மை பெற்றால் நிலைமை மாறலாம் என்ற வாசலையும் நீதிமன்றம் திறந்தே வைத்தது.

சட்டத்தில் இன்னொரு விந்தை உண்டு. கல்கத்தாவில் குடும்பச் சிலை ஒன்றை வேறு வீட்டுக்கு எடுத்துச்செல்வது பற்றிய வழக்கில், பிரிவி கவுன்சில் 1925இல் பிரதிஷ்டை செய்த தெய்வத்தைச் சட்டப்படியான ஓர் ஆளாகக் கருதி, அதன் விருப்பத்துக்கும் இடமளித்தது. தெய்வம் ஆள் என்றால், அதன் உருவத்தைப் பயன்படுத்த யாரிடம் அனுமதி கேட்பது? குறிப்பிட்ட கோயிலின் மூர்த்திக்கு அறங்காவலர் உண்டு; எங்கும் நிறைந்த லட்சுமிக்கு அறங்காவலர் இல்லை. கோயில்களே தங்கள் தெய்வத்தின் படத்தைப் பதிவுசெய்ய முனைந்த இடத்திலும் கேள்வி எழாமல் இல்லை. கேரளத்தின் ஆற்றுக்கால் பகவதி கோயில் அப்படிச் செய்தபோது பொதுநல வழக்கு வந்தது. இதைவிடச் சிக்கல் குறைந்த வழி புவிசார் குறியீடு. திருப்பதி லட்டு 2009இலும் பழநி பஞ்சாமிர்தம் 2019இலும் அதைப் பெற்றன. அங்கே காக்கப்படுவது பண்டமும் அதன் இடமும். சுவாமியின் முகம் அல்ல.

எஞ்சுவது ஒருமை. பழநியில் தண்டாயுதபாணி ஒருநேரம் ஆண்டிக்கோலம், ஒருநேரம் ராஜ அலங்காரம், ஒருநேரம் வேடன் என்று மாறுகிறார். வந்து நிற்கும் எவருக்கும் இது யார் என்ற ஐயம் வருவதில்லை. தோற்றத்துக்குப் பின்னால் நிலையான ஒருவர் இருக்கிறார் என்று நம்புவதால் தோற்றம் மாறலாம். நையாயிகர்கள் இவ்வகை அறிவைப் பிரத்தியபிஞ்ஞை என்பர்: ‘அன்று கண்ட அவனே இவன்’ என்று அறிவதிலிருந்து, இடையில் மாறாத பொருள் ஒன்று உண்டென்று நிறுவுவார்கள். பௌத்தர்கள் மறுப்பார்கள்: விளக்குச் சுடர் கணந்தோறும் புதிது, ஒத்திருப்பதை ஒன்றென்று எண்ணுகிறோம். தெய்வத்துக்கு நியாய மரபின் வாதம் பொருந்தும் என்றால், கடைச் சின்னத்துக்குப் பௌத்தரின் வாதமே பொருந்தும். ஒவ்வொரு லேபிளும் புதிய தாள், புதிய மை. ஒப்புமை குலைந்தால் சின்னமே இல்லை. அச்சகத்தார் நிறத்துக்கு எண் குறித்து, எழுத்துக்கு அளவு குறித்து அவ்வளவு கறாராக இருப்பதும், பெருமாளுக்கு நாள்தோறும் உடை மாற்றும் அர்ச்சகர் சற்றும் கவலைப்படாமல் இருப்பதும் இதனால்தான். தெய்வப் படத்தைச் சின்னமாக்கும் கடைக்காரர் கோலம் மாறும் ஒருவரைக் கோலம் மாறக்கூடாத வேலைக்கு அமர்த்துகிறார்.

முழு உருவத்தை விட்டு அதன் ஒரு கூறை எடுத்துக்கொள்வது இன்று வடிவமைப்பாளர்கள் சொல்லும் தீர்வு: வேல், மயிலிறகு, தாமரை, விளக்கு. எல்லாமே ஒரே அளவில் தப்பிப்பதில்லை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் வேலே மூலவர். அங்கிருந்து வந்த ஒருவருக்கு மிதியடிப் பெட்டியின் மேல் வேல் வெறும் கோடல்ல. தாமரையும் கோலமும் அப்படியல்ல; பொதுவில் புழங்கி, யாருக்கும் கருவறை ஆகாதவை. அவற்றைக் கடை தன் கைப்படத் திருத்தி வரைந்தால் உரிமையும் கிடைக்கும், எறிந்தாலும் உறுத்தாது.

அதற்கும் முன்பே சிவகாசி ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்திருந்தது. தினசரி காலண்டரில் மேலே அட்டையில் சுவாமி. அதன் கீழே கடையின் பெயரும் முகவரியும். அதற்கும் கீழே கிழிக்கும் தாள்கள். கிழிபடும் தாளில் தேதியும் ராகுகாலமும் மட்டும். சுவாமி யாருடைய சின்னமும் அல்லர், அடுத்த கடையின் காலண்டரிலும் அவரே இருப்பார். கடைக்குரியது அதன் பெயரும் எழுத்தும்தான். இந்தப் பிரிவினையை யாரும் தத்துவம் பேசி வகுக்கவில்லை. விற்பவர் கூச்சமும் வாங்குபவர் கூச்சமும் சேர்ந்து வகுத்தது.

இப்போது அடையாளம் கைபேசித் திரையில் ஒரு சிறு வட்டத்துக்குள் வந்துவிட்டது. அங்கே கிழிவதும் மிதிபடுவதும் இல்லை. தாளைப் பற்றிய சங்கடம் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. உரிமைச் சங்கடம் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஒரே ஊரில் மூன்று லட்சுமி ஸ்டோர்ஸ் இருந்தால் முன்பு தெருப்பெயர் அவற்றைப் பிரித்தது. தேடல் பட்டியலில் மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே தேவியின் படத்தோடு வருகின்றன. வாடிக்கையாளர் முதலில் இருப்பதைத் தொடுகிறார்.