கையால் ஆகும் வையாவிருத்தியம்



தசலட்சணப் பருவம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் உபவாசம் ஏற்கும் தாய்மார்கள் பலர். முதல் நாள் மாலைக்குள்ளாகவே நெற்றியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிடுவோரும் அவர்களில் உண்டு. (பெரும்பாலும் அது நோன்பின் குற்றமன்று, காபியின் குற்றம். பத்து நாட்களுக்கு முன்னிருந்தே காபியைக் குறைத்து வந்தால் பாதித் தலைவலி வராது.) மாத்திரை விழுங்கினால் விரதம் பங்கமாகும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். அருகில் இருப்போர் என்ன செய்வதென்று அறியாது கைபிசைந்து நிற்கின்றனர். பிசைந்து நிற்கும் அந்தக் கைக்கே வேலை உண்டு என்பதைச் சொல்லவே இன்று வந்தேன்.

தவம் பன்னிரண்டனுள் அகத்தவம் ஆறு. அவற்றுள் ஒன்று வையாவிருத்தியம். சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், அடக்கமுடைய முனிவர்க்கு நேர்ந்த இடரை நீக்குதலோடு அவர்தம் பாதங்களைப் பிடித்துவிடுதலையும் சேர்த்தே வையாவிருத்தியம் என ஓதினார். எத்துணை எளிய செயலை எத்துணை உயர்ந்த இடத்தில் வைத்தார் பாருங்கள்! முனிவர்க்குச் சொன்னதை வீட்டுப் பாட்டிக்கு நீட்டலாமோ என்று வினவுவோர் உண்டு. பாத்திர பேதம் உண்டுதான்; ஆனால் துன்புற்றோர் யாவர்க்கும் கருணையால் உதவுக என்பதும் சிராவகர்க்கு விதித்ததே. அருவருப்பின்மை என்னும் அங்கத்துக்கு எடுத்துக்காட்டாய் நின்ற உத்தாயன மன்னன், தன்மேல் வாந்தி எடுத்த நோயாளி முனிவரைத் தன் கையாலேயே தூய்மை செய்தான். அரண்மனையில் ஏவலர் இல்லாமலா?

"நோவு அசாதா வேதனீயத்தின் பயன், அனுபவித்தே தீர்க்க வேண்டும், அழுத்துவானேன்?" என்பாரும் நம்மிடையே உளர். வினை பயன்தருவதற்குத் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் துணைகள் வேண்டும் என்பது நம் ஆகமம். அத்துணைகளை மாற்றக்கூடும் என்பதனாலன்றோ நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் வைக்கப்பட்டது?

இனி அக்குபிரஷரைப் பற்றிச் சில. இது சீன நாட்டு மருத்துவத்தின் ஒரு கிளை. ஊசி குத்தும் அக்குபஞ்சருக்குரிய புள்ளிகளையே இதில் விரலால் அழுத்துவர். அப்புள்ளிகள் 361 என்பது மரபு. இல்லறத்தார்க்கு அத்தனையும் வேண்டா. இரண்டு மூன்று போதும். நோயாளியின் கையை மல்லாத்தி, மணிக்கட்டின் ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக அவருடைய மூன்று விரல் அகலம் அளந்து, நடுவிலுள்ள இரண்டு நரம்புக் கயிறுகளின் இடையே பெருவிரலை வைத்து இரண்டு மூன்று நிமிடம் நிதானமாக அழுத்துக. குமட்டலுக்கு இது உதவும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலையும் வாந்தியையும் இப்புள்ளி குறைப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த கோக்ரேன் ஆய்வுரை கூறுகிறது. பெருவிரலும் சுட்டுவிரலும் கூடும் சதைப்பகுதியைத் தலைவலிக்கு அழுத்துவர். இதற்கு அத்துணை உறுதியான சான்று இல்லை. ஆயினும் பலர்க்கு ஆறுதல் தருகிறது. கருவுற்ற பெண்களுக்கு மட்டும் இவ்விடத்தை அழுத்தலாகாது என்று அம்மரபே விலக்குகிறது. அழுத்துவோர் முதலில் நகத்தை வெட்டிக்கொள்க. புண், வீக்கம், புடைத்த நாளம் உள்ள இடங்களைத் தொடவேண்டா. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்க்கு முள்ளுருளைக் கட்டையைக் கொடுத்து மிதிக்கச் சொல்வது பேதைமை. புண் பட்டாலும் அவர்க்குத் தெரியாது.

உள்ளங்காலில் இதயம், ஈரல், சிறுநீரகம் என்று வண்ணம் தீட்டிய படங்களைப் பலர் சுவரில் மாட்டியுள்ளனர். அது ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று சொல்லியே விற்கின்றனர். அப்படம் அமெரிக்காவில் பிட்ஸ்ஜெரால்டு என்னும் மருத்துவர் 1917இல் நூலாக வெளியிட்ட கொள்கையிலிருந்து, யூனிஸ் இங்ஹாம் என்னும் அம்மையார் 1930களில் விரித்தது. காலைப் பிடித்துவிட்டால் சுகம் உண்டு. காலைப் பார்த்து ஈரலின் நோயைச் சொல்லிவிட இயலாது. சத்திய அணுவிரதம் உடையோர் இவ்விரண்டையும் கலந்து பேசலாகாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் வீட்டிலேயே உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை, என் தந்தையார் இடத்தோளிலும் தாடையிலும் நோவதாகக் கூறினார். உடம்பெல்லாம் வியர்வை. அப்பொழுது இக்கலையைப் புதிதாகக் கற்றிருந்த எனக்கு ஊரார் புகழ்ச்சியும் சேர்ந்திருந்தது. தோளையும் கையையும் மாறிமாறி அழுத்தினேன். "இப்போது தேவலை அப்பா" என்று அவரும் என் மனம் நோகாதிருக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் கழிந்தது. பால் கொண்டுவந்த அண்டை வீட்டு அம்மையார் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? 108க்குச் சொல்லுங்கள்" என்று கூவினார். மாரடைப்பு என்றார் மருத்துவர். முன்பே வந்திருந்தால் இதயத் தசை இவ்வளவு கெட்டிருக்காது என்றும் சொன்னார்.

பிரமாதத்தால், அதாவது கவனமின்மையால், உயிர்க்கு ஊறு விளைப்பதை இம்சை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். எறும்பை மிதிக்காமல் நடக்கக் கற்ற நான், பெற்றவரைக் கட்டிலில் வைத்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்தில் செய்தது என்ன? அன்று என் விரலை இயக்கியது வையாவிருத்தியம் அன்று, மானக் கஷாயம்.

ஆகவே மார்பிலும் இடக்கையிலும் நோவு, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், திடீரென வந்த கடுந்தலைவலி ஆகியவற்றில் எது கண்டாலும் விரலை எடுத்துவிட்டு வண்டியை அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளர் நோன்பில் நடுங்கி வியர்த்தால் உடனே சர்க்கரைநீர் கொடுக்க வேண்டும். விரதம் போயிற்றே என்று தயங்கவேண்டா, பிராயச்சித்தம் என்னும் தவமும் அகத்தவம் ஆறனுள் ஒன்றே.

தந்தையார் பிழைத்தார். ஆனால் பொன்னூர் மலைப் படிகளை அதன்பின் அவர் ஏறவில்லை. நாங்கள் குந்தகுந்தாசாரியாரின் பாதங்களைத் தரிசித்து இறங்கும்வரை அடிவாரத்து மரநிழலில் அமர்ந்திருப்பார். அன்றிரவு வீடு திரும்பியதும், படியேறிக் களைத்த என் கால்களைப் பார்த்து, "கொண்டா, நான் பிடித்துவிடுகிறேன்" என்பார். நான் முந்திக்கொண்டு அவர் பாதங்களை மடியில் எடுத்துவைத்துக்கொள்வேன்.