உடற்குறையும் ஆசிரியர் கடனும்

கண், செவி, கால் முதலியவற்றிற் குறையுடைய பிள்ளைகளை ஏனைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருத்திக் கற்பித்தல் தகுமோ என்னும் வினா, ஆசிரியப் பயிற்சி பெறுவோரிடத்து எழுவதுண்டு. அவர் இரக்கமில்லாதவரல்லர். ஆயினும், "அவர்க்கென வேறு பள்ளிகள் உளவே" என்பார் சிலர், "முன்வினைப் பயனுக்கு நாம் யாது செய்வோம்?" என்பார் வேறு சிலர்.

பின்னையதை முதற்கண் ஆராய்வாம். வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் திருத்துதற்கு ஏற்பட்டதேயன்றிப் பிறரை ஒதுக்குதற்கு ஏற்பட்டதன்று. நோயை வினைப்பயன் என்பாரும் வைத்தியரை அழையாதிரார். பிள்ளையின் முன்வினையை நாம் அறியோம். அப்பிள்ளை பள்ளிவாயிலில் வந்து நிற்கும்போது நாம் செய்வது நமது வினையாம் என்பதை அறிவோம்.

இனி வேறு பள்ளி பற்றிக் கூறுவாம். செவிப்புலனும் கட்புலனும் இழந்தோர்க்கென 1912 இல் இரத்மலானையில் நிறுவப்பட்ட பள்ளி போல்வன ஆற்றிய தொண்டு பெரிது. எனினும் அயல்வீட்டுப் பிள்ளைகளோடு கூடிக் கல்லாத பிள்ளை தன் ஊரிலேயே அந்நியமாகின்றது. பொதுப்பள்ளி யாவரையும் ஏற்றல்வேண்டுமென 1994 இல் ஸ்பெயின் தேசத்துச் சலமன்கா நகரிற் கூடிய 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் உரைத்தனர். இக்கொள்கையை உட்கொண்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் உறுதிசெய்தது.

"பலர் நிறைந்த வகுப்பில் ஒருவனுக்கென யாது செய்வது?" எனின், பெரியபுராணத்துத் தண்டியடிகளை நினைக. பிறவியிலேயே பார்வையற்ற அவர், திருவாரூர்க் குளத்தைத் தோண்டும்பொருட்டுக் குழியில் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண் சுமந்தார். அவர் கண் பெற்றது பின்னர். தொண்டு செய்தது அதற்கு முன்னர். வேண்டப்பட்டது ஒரு கயிறே.

பள்ளியிலும் அத்தகைய கயிறுகள் உள. கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுப் படித்தல், செவி மந்தமான பிள்ளையின் முகம் நோக்கிப் பேசுதல், மெல்லக் கற்பானுக்குப் பாடத்தைச் சிறு கூறாக்கித் தருதல், படியுள்ள இடத்திற் சாய்தளம் அமைத்தல் என்பன அவை. இவற்றுட் பல பொருட்செலவின்றியே செய்யத்தக்கன. ஏனைப் பிள்ளைகட்கும் பயன்படுவன.

எல்லாவற்றையும் ஆசிரியர் ஒருவரே செய்தல் இயலாது என்பது மெய்யே. விசேட பயிற்சியும் கருவிகளும் துணையாசிரியரும் அளித்தல் அரசினர் கடன். பழகாமையால் வரும் அச்சம் பழகுதலாலன்றி நீங்காதாகலின், பயிற்சிக் காலத்திலேயே இப்பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பழகுதல்வேண்டும்.

இரக்கம் நெஞ்சளவில் நிற்பின் பிள்ளைக்குப் பயனில்லை. ஆசிரியர்காள்! அதனைக் கையளவிற் கொணர்தலே நும் கடனாம்.