ஈர்க்குச்சியும் உண்டியலும்

மகளுக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் உண்டியல் வாங்கினேன். பன்றி வடிவம். எங்கள் கிராமமான மங்களூருக்குக் கொண்டுபோனதும் அம்மா முகம் சுளித்தாள். "காசு போட்டு வைக்கப் பன்னிதானாடா கெடச்சுது?"

நியாயமான கேள்விதான். ‘பிக்கி பேங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள்: ‘பிக்’ என்ற களிமண்ணில் செய்த பானையில் காசு போட்டு வந்தார்களாம், பின்னால் வந்த குயவர்கள் பெயரைக் கேட்டுப் பன்றியாகவே வனைந்துவிட்டார்களாம். அப்படி ஒரு மண் இருந்ததற்கு வலுவான சான்றில்லை. ஆனால் ஸ்காட்லாந்து வழக்கில் ‘பிக்’ என்றால் மண்பாண்டம். ஜாவாவிலோ 14, 15ஆம் நூற்றாண்டுகளிலேயே, மஜாபாகித் பேரரசுக் காலத்தில், சுடுமண் பன்றி உண்டியல்கள் இருந்தன.

நம் சொல்லின் கதை வேறு. வணிகர் வழக்கில் உண்டியல் என்பது பெட்டி அல்ல, சீட்டு. ஓர் ஊரில் பணத்தைக் கட்டி இன்னோர் ஊரில் வாங்கிக்கொள்ள எழுதுவது. ஈழத்தமிழர் பேச்சில் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் ஒரு வழிக்கு இன்றும் அதே பெயர்தான். சுந்தரர் திருமுதுகுன்றத்தில், அதாவது இதே விருத்தாசலத்தில், இறைவன் தந்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணக் கதை. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவதென்று இன்று கேலி பேசுகிறோம். என்னைக் கேட்டால் அது ஓர் உண்டியல்தான்.

எங்கள் ஆயாவிடம் ஒரு மண் உண்டியல் இருந்தது. முட்டை விற்றது, பருத்தி எடுத்த கூலியில் மிச்சம் பிடித்தது எல்லாம் அதற்குள் போகும். அவளுடைய சிறுவாடு. அதைக் கவிழ்த்துப் பிடித்து, விளக்குமாற்று ஈர்க்கை வாய்க்குள் விட்டு, நாணயம் அதன்மேல் சாய்ந்து வழுக்கி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் மாட்டிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. "எடுக்கணும்னா ஒடைச்சு எடு. நோண்டாத."

நான் பத்தாவது முடித்த ஆண்டு அவளே அதை அம்மியில் தட்டி உடைத்தாள். சுருட்டிய நோட்டுகளை முழங்காலில் வைத்து நீவி நீவி அடுக்கினாள். என் விடுதிப் பணம். அது என் பெயருக்கு எழுதிய உண்டியல் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு வர வேண்டியதைத்தான் நான் நோண்டியிருக்கிறேன்.

உடைக்க ஒரு காரணம் வேண்டும். நோண்ட எதுவும் வேண்டாம். இன்று ஈர்க்குச்சி கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. டீக்கு, பிரியாணிக்கு, தள்ளுபடிச் சட்டைக்கு என்று தொட்டுத் தொட்டு எடுக்கிறோம். மாதக் கடைசியில் எங்கே போனதென்று தெரிவதில்லை. எந்த ஊருக்கும் எழுதாத பணம் எந்த ஊருக்குப் போய்ச் சேரும்?

அம்மா பன்றியைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ரப்பர் மூடி. "தொறந்து தொறந்து எடுத்தா இதுல எங்கடா காசு தங்கும்?" அன்று மாலையே எம்-சீல் வைத்து அடைத்துவிட்டேன். எதற்காக உடைக்கலாம் என்று மகள் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.