மூடுபனியில் ஒரு மிதிவண்டி

ஜனவரி மாதத்தின் ஒரு விடியற்காலை. தில்லியின் புறநகர்க் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு தொழிலாளி மிதிவண்டியில் புறப்படுகிறார். காதுகளையும் கழுத்தையும் மறைத்து மஃப்ளர் சுற்றியிருக்கிறார். கைப்பிடியில் சாப்பாட்டு டப்பா தொங்குகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொழிற்சாலைக்குக் காலை ஷிப்டு தொடங்குமுன் அவர் சென்று சேர வேண்டும். முந்தைய இரவு வானம் தெளிந்து நட்சத்திரங்களுடன் காட்சியளித்தது. இப்போதோ எதிரேயுள்ள தெருவிளக்குக் கம்பம்கூடக் கண்ணுக்குப் புலப்படவில்லை.

வட இந்தியச் சமவெளியின் குளிர்காலம் இத்தகையதே. மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்து வரும் காற்றுச் சுழற்சிகள் ஒரு நாள் மழையைப் பொழிகின்றன. அவை கடந்து சென்றதும் இமயத்தின் பனியைத் தழுவிய வாடை வீசுகிறது. ஈரம் ஊறிய நிலம், தெளிந்த இரவு, அசைவற்ற காற்று ஆகிய மூன்றும் சேர்ந்துவிட்டால், அங்குள்ளோர் ‘கோஹ்ரா’ என்றழைக்கும் மூடுபனி இறங்குகிறது. நண்பகலில் இளவெயில் காயலாம். மாலையில் மீண்டும் தூறலாம். காலையில் வீட்டைவிட்டுப் புறப்படுபவருக்கு அன்றைய பொழுது எப்படி அமையும் என்பது தெரியாது. 5 டிகிரிக் குளிரில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவரின் முகம் உணர்வது ஏறக்குறைய 2 டிகிரிக் குளிரை. அவர் மிதிக்கும் வேகமே அவருக்கு எதிர்க்காற்றாகிறது.

வேறு வழியற்றுச் செல்வோர் இவர்களுள் எத்தனையோ பேர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயம் அல்லாத வேலைகளுக்கு மிதிவண்டியில் சென்று வந்தவர்கள் நாடு முழுவதிலும் சுமார் 2.6 கோடிப் பேர்.

இம்மனிதரைக் காரின் மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கும் ஒருவர், ‘என்ன பொறுமை! என்ன மனவுறுதி!’ என்று வியக்கக்கூடும். அந்த வியப்பில் தவறேதும் உண்டா?

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பொறுத்தல் பற்றிய பேச்சு எழும் இடத்தில் குளிரும் வெப்பமுமே உதாரணங்களாக வருகின்றன. வேதாந்த நூல்கள் இப்பண்பைத் திதிக்ஷை என்று பெயரிட்டு, ஆன்மசாதகன் அடைய வேண்டிய ஆறு செல்வங்களுள் ஒன்றாக வைத்துள்ளன. விவேகசூடாமணி இதற்கு இலக்கணம் கூறுகையில், மாற்று வழி நாடாமையையும் புலம்பாமையையும் சேர்த்தே கூறுகிறது. அப்படியானால் மஃப்ளர் சுற்றிக்கொள்வது திதிக்ஷைக்கு இழுக்கா? இக்கேள்வி சிறுபிள்ளைத்தனமானதாகத் தோன்றலாம். ஆனால் இதில் தெளிவில்லாததால் விளைந்த குழப்பங்கள் பல. அங்கே பேசப்படுவது மனத்தின் நிலை. குளிரைக் கண்டு மனம் சலித்துக்கொள்வதையும், ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று குமைவதையுமே சாதகன் விட வேண்டும், கம்பளியை அல்ல. பழைய வகை மிதிவண்டியின் எஃகு ரிம்மில் ஈரம் படிந்தால் பிரேக் கட்டை வழுக்கும். வண்டி நிற்க வழக்கத்தைவிட வெகுதூரம் பிடிக்கும். இதையறிந்து கட்டையை மாற்றுபவனும், சாலைச் சந்திப்புக்கு முன்பே வேகத்தைக் குறைப்பவனும் பொறுமை இழந்தவர்கள் அல்லர். பொறுமையும் விவேகமும் ஒன்றாகவே இருக்கக்கூடியவை.

கடினமான கேள்வி வேறொன்று. காரும் மிதிவண்டியும் உள்ள ஒருவர், உடல்நலத்திற்காகவோ காற்று மாசைக் குறைப்பதற்காகவோ குளிரில் மிதிவண்டியைத் தேர்ந்தெடுத்தால், அதைத் தவம் என்று கூறலாம். ஒரு நாள் செல்லாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற நிலையிலுள்ளவர் படும் குளிர் தவமாகுமா? ஆகாது என்று ஒரேயடியாகக் கூறிவிடவும் முடியாது. செல்வதா வேண்டாமா என்பது அவர் கையில் இல்லை. எந்த மனத்துடன் செல்வது என்பது அவரிடமே இருக்கிறது. வழியெல்லாம் அவர் முணுமுணுத்துக்கொண்டு செல்லலாம். இறைநாமத்தைச் சொல்லிக்கொண்டும் செல்லலாம். அது அவருக்கும் அவரது மனத்திற்கும் இடையிலுள்ள விஷயம். மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து அது தெரியாது. எனவே, தெரியாத ஒன்றைப் புகழ்பவர் உண்மையில் அவரைப் புகழவில்லை. தம் மனம் உறுத்தாமலிருக்க அவரது துன்பத்திற்கு ஓர் அழகிய பெயரைச் சூட்டுகிறார். ‘அவர்களுக்கெல்லாம் இது பழகிவிட்டது’ என்ற வாசகமும் இவ்வகையைச் சேர்ந்ததே. குளிர் எவருக்கும் பழகுவதில்லை; தாங்கிக்கொள்வது மட்டுமே பழகுகிறது.

திதிக்ஷை என்னும் அளவுகோல் தன்னை அளந்துகொள்வதற்காகத் தரப்பட்டது. பிறரை அளக்க அதைக் கையிலெடுக்கும்போது, அதை எடுத்தவர் தாம் ஆற்ற வேண்டிய கடமையை மறந்துவிடுகிறார். மூடுபனியில் அக்கடமை எத்தனை துல்லியமானது என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். பார்வைத் தூரம் 50 மீட்டருக்கும் குறைந்தால் அதை மிக அடர்ந்த மூடுபனி என்று இந்திய வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்த 50 மீட்டரை மூன்றே வினாடிகளில் கடந்துவிடும். முன்னே ஒரு மிதிவண்டி செல்வதைக் கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்குள் அதில் ஒன்றிரண்டு வினாடிகள் கழிந்துவிடும். மிதிவண்டியில் செல்பவர் எத்துணைப் பொறுமைசாலியாயினும் அந்த வினாடிகளை அவரால் நீட்டித்துத் தர இயலாது. வேகத்தைக் குறைத்து அவற்றை அவருக்குத் தரக்கூடியவர் பின்னால் வருபவரே. பின்னால் வருபவர் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்திற்குப் பத்து நிமிடம் பிந்திச் செல்வதைச் சலிப்பின்றி ஏற்க வேண்டும். வியந்து பார்த்தாரே, அவர் அன்று காலை பயில வேண்டிய திதிக்ஷை இதுதான்.

குளிர்காலம் தொடங்கியதும் வட மாநிலங்களின் சாலையோரங்களில் ஒரு காட்சியைக் காணலாம். போக்குவரத்துக் காவலர்களோ தொண்டர்களோ மிதிவண்டிகளையும் டிராக்டர் டிரெய்லர்களையும் நிறுத்தி, அவற்றின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் பட்டையை ஒட்டுவார்கள். எத்திசையிலிருந்து விளக்கொளி வருகிறதோ அத்திசைக்கே அதைத் திருப்பியனுப்புவது அப்பட்டையின் இயல்பு. ஒட்டி முடிக்கச் சில நிமிடங்கள் போதும். மிதிவண்டிக்காரர் மட்கார்டைத் துடைத்துக் காட்டுகிறார். ஈரம் இருந்தால் பட்டை ஒட்டாது. ஒட்டி முடிந்ததும் மஃப்ளரை மீண்டும் இறுகச் சுற்றிக்கொண்டு ஏறி மிதிக்கிறார். சிறிது தூரத்திலேயே மூடுபனி அவரை மறைத்துவிடுகிறது. பின்னால் மெதுவாக வரும் ஒரு வண்டியின் விளக்கு பட்டதும் சிவப்பாக ஒரு கோடு மட்டும் தெரிகிறது.